அண்ணன் ஹெட்டு, தம்பி இஞ்சினு

மொதலாளிக்குக் கொழும்புல கடை. எனக்கு அவரு காரு. வருசத்துல ரெண்டு மாசம் அவரு திருப்பாலைக்குடிக்கு வந்து இருப்பாரு. அந்த ரெண்டு மாசந்தான் எனக்கு ஓட்டுற வேலை. மிச்சம் பத்து மாசமும் காரத் தொடைக்கணும், ரெண்டு நாளைக்கு ஒருக்கா ஸ்டார்ட் பண்ணணும், ரேடியேட்டருல நல்ல தண்ணி ஊத்தணும். இதுக்குச் சம்பளம். ஏழாங்கிளாசுல கணக்கு வாத்தியாரும் நானும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்க வேணாம்னு முடிவு பண்ணிப் பிரிஞ்சதுக்கு அப்புறம் எனக்குக் கெடச்ச பெரிய உத்தியோகம் இதுதான்.

இதுல ‘நல்ல தண்ணி’ன்னு ஒரு வார்த்தை வருது பாருங்க, அங்கனதான் கொளறுபடி. நல்ல தண்ணி ஊருணியில இருக்கு. ஊருணி முக்கா மைலு. வீட்டுக்குப் பின்னாலயே ஒரு கெணறு இருக்கு. அதுல தண்ணி எறச்சு சோறு வடிச்சா உப்புப் போட வேணாம். குடிக்கிற மனுசனுக்குத்தான் ஊருணித் தண்ணி, குடிக்காத காருக்கு எதுக்குன்னு நான் ஞாயமா யோசிச்சேன். ரெண்டு வருசம் கெணத்துத் தண்ணியத்தான் ஊத்துனேன். காரும் ஒரு வார்த்தை சொல்லல. சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பேன்.

அந்தத் தடவை மொதலாளி வந்தப்ப அவரு மகளுக்கு ஆம்பளப் புள்ளை பொறந்திருந்துச்சு. பேரன் மூஞ்சியப் பாத்துக்கிட்டே ரெண்டு மாசம் போனது அவருக்குத் தெரியல. ஆனா எலங்கை சர்க்காருக்குத் தெரிஞ்சிருச்சு. அவுக குடுத்த பர்மிட்டுல ஒரு தேதி போட்டிருந்துச்சு. அந்தத் தேதிக்குள்ள அக்கரையில எறங்கலன்னா அப்புறம் எறங்கவே வேணாம், கடைய வேற யாராச்சும் பாத்துக்குவாகன்னு அதுக்கு அர்த்தம். இங்கிலீசுல ரொம்ப மரியாதையா எழுதியிருந்தாக. அந்தத் தேதிக்கு அஞ்சு நாளு இருக்கையில காரு செத்துச்சு.

தேவிபட்டணம் ரோட்டுல போய்க்கிட்டிருக்கேன். பொக்கு பொக்குன்னு இருமுது. பின்னால வெள்ளப் பொக. ஆயில் குச்சிய உருவிப் பாத்தா, ஆயிலு டீக்கடைப் பாலு டீ கலர்ல இருக்கு. மாட்ட வச்சு வீட்டுக்கு இழுத்துக்கிட்டு வந்தோம். மாட்டுக்குப் பின்னால காரு வந்ததுல ஊருக்கே சந்தோசம்.

ராமநாதபுரத்துல இருந்து காரு மேஸ்திரிய வரச் சொன்னோம். நல்ல வேலக்காரரு. பேசுறத நிறுத்துனா இன்னும் நல்ல வேலக்காரரு. இஞ்சினுக்கு மேல ஹெட்டுன்னு ஒண்ணு இருக்கும். சட்டிக்கு மூடி மாதிரின்னு வச்சுக்கங்க. உள்ள நெருப்பும் சுத்தித் தண்ணியும் ஒண்ணோட ஒண்ணு சேராமப் பாத்துக்கிறது அதுதான். அதக் கழட்டித் திருப்புனாரு. அலுமினியம். கறையான் தின்ன கதவு மாதிரி அரிச்சுக் கெடந்துச்சு, நடுவுல ஒரு வெடிப்பு வேற. மேஸ்திரி அது மேல வெள்ளையாப் பூத்திருந்தத வெரல்ல தொட்டு நாக்குல வச்சாரு. என்னப் பாத்தாரு.

“என்ன தண்ணி ஊத்துனலே?”

“நல்ல தண்ணிதாண்ணே.”

“எந்த ஊரு நல்ல தண்ணி? சேதுக்கரைக் கடலா?”

மொதலாளி பத்தடி தள்ளி நாற்காலியில உக்காந்திருக்காரு. நான் சட்டைப் பையில இருந்து சிகரெட் பாக்கெட்ட எடுத்து மேஸ்திரி பையில வச்சேன். “பழசாயிருச்சு மொதலாளி, தேய்மானம்”னு மேஸ்திரி சத்தமாச் சொன்னாரு. நேர்மையான மனுசன். வாங்குனதுக்கு நேர்மையா நடந்துக்கிட்டாரு.

புது ஹெட்டு மெட்ராசுல இருந்து வர மூணு வாரம் ஆகும்னாரு. இருக்கிறது அஞ்சு நாளு.

“பஸ்ல ராமநாதபுரம் போயி ரயிலேறிரலாமே மொதலாளி”ன்னு நான் சொன்னேன். என் வாழ்க்கையிலயே நான் சொன்ன ஒரே புத்தியான பேச்சு அதுதான்.

“ஏலே, காரு வச்சிருக்கவன் கோழிக் கூடைக்குப் பக்கத்துல உக்காந்து போனா ஊரு என்னலே பேசும்? காரு வாங்குன அன்னைக்கு எவன் எவன் வயிறெரிஞ்சானோ அத்தன பேரும் பஸ் ஸ்டாண்டுல வந்து நின்னு ஸலாம் சொல்லுவான்!”

அப்பத்தான் மேஸ்திரிக்கு ஞாபகம் வந்துச்சு. ராமநாதபுரத்துல ஒரு வக்கீலு செத்துப்போயி, அவரு காரு வேப்ப மரத்தடியில நிக்கிது. நம்ம காரு செஞ்ச அதே கம்பெனி. இது சின்ன இஞ்சினு, அது பெரிய இஞ்சினு. “ரெண்டும் ஒரு வயித்துப் புள்ளைக. அது அண்ணன், இது தம்பி. அண்ணன் ஹெட்டு தம்பிக்கு உக்காரும்”னு அடிச்சுச் சொன்னாரு.

நானும் அவரும் போனோம். வக்கீலு வீட்டம்மா தாராளமா, “எத வேணும்னாலும் கழட்டிக்கிட்டுப் போங்க. பின் சீட்டுல கோழி அடை காக்குது, அத மட்டும் எழுப்பிராதீங்க”ன்னாங்க. துருப்பிடிச்ச நட்டு அத்தனையையும் சுத்தியல் சத்தமில்லாம, மண்ணெண்ணெய ஊத்தி ஊத்தி, ஒரு பெட்டக்கோழி தூக்கம் கலையாமக் கழட்டுன மெக்கானிக்கு இந்த ஜில்லாவுல நாங்க ரெண்டு பேருதான். ஹெட்டச் சாக்குல சுத்தி பஸ்ல ஏத்துனோம். மொதலாளி ஏற மாட்டேன்னு சொன்ன அதே பஸ்ஸு. ஹெட்டு ஒரு கவுரவமும் பாக்காமக் கோழிக் கூடைக்குப் பக்கத்துல உக்காந்து வந்துச்சு.

வீட்டுல கொண்டாந்து வச்சுப் பாத்தா, மேஸ்திரி சொன்னது நெசம். போல்ட்டு ஓட்டை அத்தனையும் அச்சு மாதிரி சேருது. “கொஞ்சம் இழுவ கொறையும். அண்ணன் சட்டையத் தம்பி போட்டா தொளதொளன்னுதான் இருக்கும். ஓடும்”னாரு. வால்வு மேல வந்து ஹெட்டுல முட்டுமோன்னு மட்டும் அவருக்குப் பயம். வீட்டுக்குள்ள இருந்து பெணஞ்ச கோதும மாவு வாங்கிட்டு வரச் சொன்னாரு. வால்வு தலையில அத உருட்டி வச்சு, ஹெட்ட மூடி, ஹேண்டிலப் போட்டு மெதுவா ஒரு சுத்து சுத்தித் தெறந்தாரு. மாவு நசுங்கி ஒரு வெரக்கட கனத்துக்கு நின்னுச்சு. “முட்டாது”ன்னு அந்த மாவ ஒரு டாக்டரு மாதிரி வெளிச்சத்துல தூக்கிப் பாத்தாரு. மொதலாளி வீட்டம்மா அந்த மாவத் திருப்பிக் கேக்கல.

வால்வப் பாத்தவரு தண்ணிய ரெண்டாவதாத்தான் பாத்தாரு. அண்ணன் ஒடம்பு பெருசுல்ல, தண்ணி போற ஓட்டை ஒண்ணு அதுக்கு ஓரத்துல கூடுதலா இருந்துச்சு. தம்பி மேல வச்சா அந்த ஓட்டையில பாதி இஞ்சினுக்கு வெளிய தொங்குது, அரை நெலா மாதிரி. தண்ணி ஊத்துனா அது வழியா ரோட்டுக்குப் போயிரும்.

மேஸ்திரி தலையச் சொறிஞ்சாரு. கரையில மொதலாளியோட வள்ளத்துக்குப் பலகை மாத்திக்கிட்டிருந்த ஓடாவி அந்த நேரம் பாத்து வெத்தலைக்குச் சுண்ணாம்பு கேட்டு வந்தாரு. ஓடாவின்னா படகுத் தச்சரு. வேதக்காரரு, கழுத்துல மாதா படம். குனிஞ்சு ஓட்டையப் பாத்துட்டு சிரிச்சாரு.

“இதுக்கா ரெண்டு பேரு ஒக்காந்து அழுறீக? மொத்தக் கடலையும் வள்ளத்துக்குள்ள விடாம நான் நிறுத்துறேன். ஒம்ம ஒரு கொடம் தண்ணிய வெளிய விடாம நிறுத்த மாட்டேனா?”

“எதவச்சு நிறுத்துவீரு?”

“பஞ்சும் குங்கிலியமுந்தான். எங்க பாட்டன் காலத்துல இருந்து பலகை இடுக்குக்கு அதுதான்.”

“சூடாகும்ல ஓடாவி?”ன்னு மேஸ்திரி ஒருக்காக் கேட்டாரு. கேக்கத்தான் செஞ்சாரு, அத மறைக்கக் கூடாது.

“என் வள்ளமும் வெயில்லதான்யா கெடக்கு”ன்னாரு ஓடாவி.

அந்தப் பதிலு எங்க மூணு பேருக்குமே ரொம்பச் சரியாப் பட்டுச்சு. கடக்கரையில பொறந்தவனுக்குத் தண்ணி ஒழுகுற காரியத்துல ஓடாவி பேச்சுக்கு மேல பேச்சு கெடையாது. குங்கிலியத்தப் பொடிச்சு எண்ணெயில காச்சி, பஞ்ச அதுல முக்கி, உளியால ஓட்டையில அடிச்சு எறக்குனாரு. மேஸ்திரி ஹெட்ட நடுவுல இருந்து ஓரத்துக்கு ஒவ்வொரு நட்டா முறுக்குனாரு. தண்ணிய ஊத்தி சாயங்காலம் வரைக்கும் பாத்தோம். ஒரு சொட்டு இல்ல. அஞ்சு நிமிசம் ஓட்டியும் பாத்தோம். அதுக்கு மேல ஓட்டிப் பாக்கணும்னு யாருக்கும் தோணல. மொதலாளி ஓடாவிக்கு வேட்டி எடுத்துக் குடுத்தாரு. ரெண்டு வருசம் காரப் பாத்த எனக்கு ஒரு துண்டு கூட இல்ல.

பர்மிட்டோட கடைசி நாளும் வந்துச்சு. காலையில ராமநாதபுரத்துல ரயிலு, தனுஷ்கோடியில கப்பலு, சாயங்காலத்துக்குள்ள அக்கரை. மொதலாளி பின் சீட்டுல டிரங்குப் பெட்டியோட. மேஸ்திரி எம் பக்கத்துல. “என் வேலைய நான் பாக்காம யாரு பாப்பா”ன்னு ஓடாவியும் உளிப் பையோட ஏறிக்கிட்டாரு.

இழுவ கொறையும்னு மேஸ்திரி சொன்னாருல்ல, அது அவரோட அடக்கம். தேவிபட்டணத்துக்கு முன்னால ஒரு சைக்கிள்காரன் எங்களத் தாண்டிப் போனான். பின்னால அவன் பொஞ்சாதி உக்காந்திருந்தா, எங்களுக்குக் கை காட்டுனா. தேவிபட்டணம் தாண்டுனதும் காருக்குள்ள கம்முன்னு ஒரு வாசம். குங்கிலியப் பொக வாசம்.

“மாஷா அல்லா! பயணம் போறோம்னு ஊதுவத்தி ஏத்தி வச்சிருக்கியாலே? ஒனக்கும் புத்தி வந்திருச்சே”ன்னாரு மொதலாளி.

“ஆமா மொதலாளி, பரக்கத்தா இருக்கட்டும்னு”ன்னேன். வந்த பேர விடுறதுக்கு மனசு வரல.

மேஸ்திரி மெதுவா ஓடாவியத் திரும்பிப் பாத்தாரு. ஓடாவி சன்னலுக்கு வெளிய கடலப் பாத்தாரு. அதுக்குள்ள முன்னால ஆவி கெளம்பி ரோடே தெரியல. நிறுத்தி பானட்டத் தெறந்தா, குங்கிலியம் உருகி இஞ்சினு மேல தேன் மாதிரி வழியுது. அது வந்த ஓட்டையில இருந்து தண்ணி பீச்சி அடிக்கிது.

“வள்ளம் இம்புட்டுச் சூடாகாதுய்யா!”

“வள்ளத்துக்குள்ள நெருப்பு எரியாதுல்ல ஓடாவி!”

“அத முன்னாலயே சொல்லணும்!”

“கேட்டேன்லய்யா! வெயில்ல கெடக்குன்னு சொன்னது நீருதான!”

மொதலாளி எறங்கி ஓட்டையப் பாத்தாரு, எங்க மூணு பேரையும் பாத்தாரு. காருல கெடந்த டின்ன எடுத்துக்கிட்டு ரோட்டோரத்து ஊருணிக்கு நடந்தாரு. வெள்ளச் சட்டை, தொப்பி, கையில மண்ணெண்ணெய் டின்னு. அதுக்கப்புறம் ஒரு மைலுக்கு ஒருக்கா நின்னோம். ஒவ்வொரு தடவையும் அவரும் ஓடுனாரு. காரு வச்சிருக்கவன் பஸ்ல போகக் கூடாதுன்னு சொன்ன மனுசன், ராமநாதபுரத்துக்கு அரைவாசி தூரம் தண்ணி தூக்கிக்கிட்டு ஓடியே வந்தாரு. அந்த நேரத்துல பஸ்ஸு எங்களத் தாண்டிப் போச்சு. உள்ள இருந்து நாலு பேரு ஸலாம் சொன்னாக.

ராமநாதபுரம் டேசன்ல நாங்க நுழையுறப்ப ரயிலோட கடைசிப் பெட்டி போறது தெரிஞ்சுச்சு.

மொதலாளி டிரங்குப் பெட்டிய எறக்கி அது மேல உக்காந்தாரு. திட்டுவாருன்னு பாத்தேன். திட்டல. “பதினாலு வயசுல கப்பலேறுனேன்லே. தரையக் கூட்டிக் கூட்டி வாங்குன கடை”ன்னாரு. எம் மூஞ்சியப் பாக்காமத்தான் சொன்னாரு. எனக்கு எதுக்கும் ஒரு கிண்டல் வாயில ரெடியா இருக்கும். அன்னைக்குக் கிண்டலுக்குப் பதிலா அந்தக் கெணறுதான் கண்ணுக்குள்ள வந்துச்சு.

மேஸ்திரிதான் சொன்னாரு: “மண்டபத்துல ரயிலு நிக்கும் மொதலாளி. அக்கரைக்குப் போறவுகள டாக்டரு பாத்துத்தான் விடுவாரு. ஒரு மணி நேரம் கூட ஆகும். ஓட்டைய மட்டும் அடச்சிட்டா எட்டிப் பிடிச்சிரலாம்.”

ஓடாவி அதுக்குள்ள டேசன் வாசல்ல நின்ன பூவரச மரத்துல ஒரு கெளைய ஒடிச்சு உளியால செதுக்க ஆரம்பிச்சிருந்தாரு. அரை நெலாவுக்கு அளவா ஒரு ஆப்பு. ஈரத் துணியச் சுத்தி கீழ இருந்து மேல ஓங்கி அடிச்சாரு. “தண்ணி படப் பட மரம் ஊதும். ஊத ஊத இறுகும். இது உருகாது.”

“இத அன்னைக்கே அடிச்சிருக்கலாம்ல?”ன்னு மேஸ்திரி பல்லக் கடிச்சாரு.

“இடுக்குக்கு ஆப்பு அடிக்கிறது வேல தெரியாதவன் பொழப்பு. குங்கிலியந்தான் முறை”ன்னாரு ஓடாவி, கொஞ்சமும் வெக்கப்படாம.

வேல தெரியாதவன் பொழப்பு உருகாம நின்னுச்சு. சொட்டு சொட்டாத்தான் ஒழுகுச்சு. உச்சிப்புளிக்கு முன்னால மட்டும் ஒருக்கா நிறுத்தி தண்ணி ஊத்துனோம். மணல் ரோட்டுல அந்தத் தொளதொளச் சட்டைய இழுத்துக்கிட்டு தம்பி முக்கி முக்கி ஓடுனான். தூரத்துல ரயிலுப் பொக தெரியிறப்பல்லாம் மொதலாளி எந் தோளப் பிடிச்சு உலுக்குனாரு, மாட்டு வண்டியில உக்காந்திருக்க மாதிரி. “போலே! போலே!” காலுக்குக் கீழ பலகை சுடுது. உள்ள அடுப்பு மாதிரி அனல்.

மண்டபத்துல ரயிலு நின்னுக்கிட்டிருந்துச்சு. எங்க வாயில இருந்து வந்த சத்தத்துல பிளாட்பாரத்துல நின்ன நாயி எந்திரிச்சு ஓடிருச்சு. மொதலாளி பர்மிட்டக் கையில பிடிச்சுக்கிட்டு டாக்டருகிட்ட ஓடுனாரு. ஊசி போட்ட சீட்டெல்லாம் சரியா இருந்துச்சு. டாக்டரு சீட்டப் பாத்துட்டு ஆளப் பாத்தாரு. மூஞ்சி செக்கச்செவேல்னு இருக்கு, சட்டை நனஞ்சிருக்கு, மூச்சு வாங்குது. நெத்தியில கை வச்சாரு. கைய வெடுக்குன்னு எடுத்துட்டாரு.

“காய்ச்சலோட யாரையும் அக்கரைக்கு விட முடியாது. கேம்ப்ல அஞ்சு நாளு இருக்கணும்.”

“யா அல்லா! காய்ச்சலே இல்லங்கய்யா! இது காருச் சூடு!”

“எல்லாரும் ஒண்ணு சொல்றாங்க. காரு சூடுன்னு சொன்னது நீங்கதான் மொத ஆளு.”

“நெசந்தான் சார், காய்ச்சலு வண்டிக்குத்தான். வேணும்னா வந்து தொட்டுப் பாருங்க”ன்னேன் நான். டாக்டருக்குச் சிரிப்பு வரல. அஞ்சு நிமிசம் மொதலாளிய நெழல்ல உக்கார வச்சு, நாக்குக்கு அடியில தெர்மாமீட்டர வச்சாரு. “வாயத் தெறக்காதீங்க. ரெண்டு நிமிசம். தெறந்தா மறுபடியும் மொதல்ல இருந்து.” மணியப் பாத்துக்கிட்டு நின்னாரு. ரயில்ல கார்டு கொடியக் கையில எடுத்துட்டாரு.

எனக்கு அந்த ரெண்டு நிமிசத்துலதான் அது தோணுச்சு. பெட்டி மேல உக்காந்து அவரு பேசுனது இன்னும் நெஞ்சுக்குள்ள குத்திக்கிட்டு இருந்துச்சு. சொல்லணும். சொன்னா அடிப்பாரு. ஆனா இப்ப அவரால வாயத் தெறக்க முடியாது, எந்திரிக்க முடியாது. இந்த மாதிரி ஒரு நேரம் எனக்கு இனி எந்தக் காலத்துல வாய்க்கும்?

குனிஞ்சு காதுல சொன்னேன். “மொதலாளி, தேய்மானம் இல்ல. ரெண்டு வருசமாக் கெணத்துத் தண்ணியத்தான் ஊத்துனேன். ஊருணிக்குப் போகவே இல்ல. உப்புத்தான் ஹெட்டத் தின்னுருச்சு. என்ன மன்னிச்சிருங்க.”

தெர்மாமீட்டரு அவரு வாயில ஆடுச்சு. கண்ணு ரெண்டும் வெளிய வந்துச்சு. கழுத்து நரம்பு பொடைச்சுச்சு. ஆனா ஒதடு தெறக்கல. முப்பது வருசக் கடை அந்த ஒதட்டுல இருந்துச்சு. மேஸ்திரி ஓடி வந்து எங் கையப் பிடிச்சு இழுத்தாரு. “கோவத்துல சூடு ஏறிரப் போவுதுலே, பாவி! இங்கிட்டு வா!”

டாக்டரு தெர்மாமீட்டர எடுத்து வெளிச்சத்துல பாத்தாரு. ஒருக்காத் தொடச்சு மறுபடியும் பாத்தாரு. கோவத்துக்கு அதுல கோடு போடல போல.

“நார்மல். ஏறுங்க.”

ஓடாவியும் நானும் பெட்டியத் தூக்கிப் போட, மேஸ்திரி மொதலாளியத் தள்ளி ஏத்துனாரு. ரயிலு நகந்துருச்சு. மொதலாளி சன்னல் கம்பியப் பிடிச்சு எட்டிப் பாத்தாரு. ரெண்டு நிமிசம் பூட்டி வச்ச வாயில இருந்து என்னென்ன வரப் போகுதோன்னு நான் ரெண்டடி பின்னால போனேன்.

“தள்ளிக்கிட்டே போங்கடா!”ன்னாரு. “மூணு பேரும்! ஊரு வரைக்கும்! எவனாச்சும் ஸ்டார்ட் பண்ணுனீங்கன்னு கேள்விப்பட்டேன்...”

மிச்சத்த ரயிலுச் சத்தம் தின்னுருச்சு. சிரிக்கிறாரா திட்டுறாரான்னு கடைசி வரைக்கும் எனக்குத் தெரியல, வாயி ரெண்டுக்கும் ஒரே மாதிரித்தான் கோணியிருந்துச்சு.

அவரு பாக்கத் தள்ளுனோம். மேஸ்திரி ஒரு பக்கம், ஓடாவி ஒரு பக்கம், நான் ஸ்டேரிங்கப் பிடிச்சுக்கிட்டு. எம் பங்குக்குக் கஷ்டப்படுற மாதிரி மூஞ்சிய வச்சுக்கிட்டேன். ரயிலு பாம்பன் பாலத்துல ஏறுற சத்தம் கேட்டுச்சு. ஓடாவி நின்னு காது குடுத்து, “ஏறியாச்சு”ன்னாரு. மேஸ்திரி ஹேண்டில எடுத்து எங் கையில குடுத்தாரு. நான் ஸ்டார்ட் பண்ணேன்.